கப்பற் பிரயாணியும் யுங்கே மலைவனமும்

கடல்வழியே உல்லாசப் பிரயாணஞ் செய்வோர்க்கு ஒரு நாடு தன்னைக் காட்டிக்கொள்வதற்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே. காலையிற் கப்பல் துறையை அடைகின்றது. மாலையிற் சங்கொலி எழ, அது மீண்டும் புறப்பட்டு விடுகின்றது. இடையிலுள்ள சில மணிநேரத்திற் பிரயாணி ஒரு கோட்டையைப் பார்க்கலாம், கடைவீதியில் உலாவலாம், அன்றி ஊருக்கு வெளியே சென்று ஒரு மலையைக் கண்டு வரலாம். மலையைத் தேர்ந்தெடுத்தவன் மரங்களையும் அருவிகளையும் மேகங்களையும் காண்கின்றான். ஆயின் அம்மரங்கள் அங்கே எவ்வாறு எஞ்சி நின்றன, அருவிக்குச் செல்லும் பாதையை வெட்டியவர் யாவர், அம்மலைக்கு அப்பெயர் எவ்வாறு நிலைத்தது என்பனவற்றை அவன் காண்பதில்லை. கரிபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ றிக்கோத் தீவின் எல் யுங்கே என்னும் மலைவனத்தின் வரலாறு, கண்ணுக்குத் தெரிவதற்கும் தெரியாததற்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை நன்கு விளக்குவதாகும்.

புவேர்ட்டோ றிக்கோ சிறிய தீவு. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 100 மைல் நீளமும், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 35 மைல் அகலமும் உடையது. அதன் வடகரையிலே தலைநகரான சான் ஹுவான் அமைந்துள்ளது. ஸ்பானியர் 16 ஆம் நூற்றாண்டிற் கட்டத் தொடங்கிய கோட்டை மதில்களின் கீழே இன்றைய பிரயாணக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அங்கிருந்து கிழக்குத் திசையிலே சுமார் 25 மைல் தூரத்தில் லுக்கீயோ மலைத்தொடர் எழுகின்றது. பஸ் வண்டி கரையோரப் பெருந்தெருவிலே சென்று, றியோ கிறாண்டே என்னும் ஊர்ப்பகுதியைக் கடந்து, தெற்கே திரும்பி மலையேறத் தொடங்குவதற்கு ஒரு மணிநேரம் போதும்.

இம்மலைகள் மிக உயர்ந்தவையல்ல. மிக உயர்ந்த சிகரமாகிய எல் தோரோ 3,500 அடிக்குச் சற்று மேற்பட்டது. எல் யுங்கே அதனினும் சற்றுத் தாழ்ந்தது. ஆயினும் அவை நிற்கும் இடமே அவற்றுக்குப் பெருமை தருவது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலாகக் கிழக்கிலிருந்து ஓயாது வீசும் வியாபாரக் காற்று, தீவின் வடகிழக்கு மூலையிலுள்ள இம்மலைகளை முதலில் மோதுகின்றது. மேலெழுந்து குளிர்ந்த காற்று தன் ஈரத்தை மழையாகச் சொரிகின்றது. சிகரங்களிலே ஆண்டொன்றுக்கு 200 அங்குலம் வரை மழை பெய்கின்றது. எட்டுப் பெரிய ஆறுகள் இங்கே பிறந்து, தீவின் கிழக்குப் பகுதி மக்களுக்குக் குடிநீர் அளிக்கின்றன.

மேலே ஏற ஏற வனத்தின் தோற்றம் மாறும். அடிவாரச் சரிவுகளில் வெண்ணிறப் பிசின் கசியும் தபோனுக்கோ மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அதற்கு மேலே, பல நூற்றாண்டு வயதுடையனவும் உட்குழிவுடையனவுமான பாலோ கொலராடோ மரங்கள். செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் மலைப்பனைகள். உச்சியிலோ மேகத்தில் மூழ்கி, பாசி போர்த்து, ஆளுயரத்தில் வளைந்து நிற்கும் குள்ளவனம். ஒரே மலையில் நான்கு வனங்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன என்று கூறலாம். புலியும் கரடியும் அங்கில்லை. பழமையாக அங்கு வாழும் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. ஆனால் மாலை மயங்கியதும் பெருவிரலளவான சிறு தவளைகள் ‘கோகீ, கோகீ’ என ஒலி எழுப்பும். அவ்வொலியே அவற்றுக்குப் பெயராயிற்று. மாலைக்கு முன் கப்பலுக்குத் திரும்பிவிடும் பிரயாணி அவ்வனத்தின் உண்மையான குரலைக் கேளாமலே போகின்றான்.

இம்மலையின் முதல் வரலாறு ஏட்டில் எழுதப்பட்டதன்று. ஸ்பானியர் வருவதற்கு முன் தீவிலே வாழ்ந்த தாயினோ மக்கள், மரவள்ளியை விளைவித்து உண்டவர்கள். நன்மை தரும் தெய்வத்தை யூக்காஹூ என்று வழிபட்டனர். பெரும்புயலை ஹுராக்கான் என்றனர். இன்று உலகின் பல மொழிகளிலே சூறாவளியைக் குறிக்க வழங்கும் சொல் அதிலிருந்தே பிறந்தது. பிளாங்கோ ஆற்றின் பாறைகளில் அவர்கள் செதுக்கிய முகங்கள் இன்றும் உள்ளன. யுங்கே என்னும் பெயர் அத்தெய்வத்தின் பெயரோடு தொடர்புடையதென்பார் சிலர்; ஸ்பானிய மொழியில் அச்சொல் கொல்லனது பட்டடையைக் குறிக்குமாதலின், தட்டையான சிகரத்தின் வடிவத்தால் வந்த பெயர் என்பார் வேறு சிலர்.

1493 ஆம் ஆண்டில் கொலம்பசு தீவை அடைந்தார். 1508 ஆம் ஆண்டிற் குடியேற்றம் தொடங்கியது. வந்தவர்கள் தேடியது பொன். லுக்கீயோ ஆறுகளின் மணலை அரித்துப் பொன் எடுக்கும் வேலையில் தாயினோ மக்கள் வலிந்து ஈடுபடுத்தப்பட்டனர். 1511 ஆம் ஆண்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. போரும் நோயும் கடுவேலையும் சேர்ந்து சில தலைமுறைகளுக்குள் அம்மக்களைச் சிதைத்தன. பொன்னும் விரைவில் தீர்ந்தது. லா மீனா, அதாவது ‘சுரங்கம்’, என்று இன்றும் வழங்கும் அருவியின் பெயரும், ‘பொன் நீராடுதுறை’ எனப் பொருள்படும் ஓடையின் பெயரும் அக்காலத்தின் எச்சங்கள். படம் பிடித்துக்கொள்ளும் பிரயாணிகளுள் அப்பெயர்களின் பொருளை வினவுவோர் சிலரே.

பொன் தீர்ந்தபின் மலை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலம் பெரிதும் தனித்திருந்தது. சமவெளியிலே கரும்பு பரவியது. 19 ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவுகளிலே கோப்பி ஏறியது. இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் 1869 ஆம் ஆண்டிலே காணப்பட்ட இலைநோயினால் அழிந்துகொண்டிருந்த அதே காலத்தில், புவேர்ட்டோ றிக்கோவின் கோப்பி உலகச் சந்தையில் உயர்ந்து, தீவின் தலையாய ஏற்றுமதிப் பொருளாயிற்று. காடுகள் சுருங்கின. இந்நிலையிற்றான் 1876 ஆம் ஆண்டில், ஸ்பானிய மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோவின் ஆட்சியிலே, லுக்கீயோவின் உயர்ந்த சரிவுகள் முடிக்குரிய ஒதுக்கு வனமாக்கப்பட்டன. மேற்குலகின் மிகப் பழைய ஒதுக்கு வனங்களுள் இதுவும் ஒன்று. இக்கட்டளை ஒன்றே வனத்தைக் காத்ததென்று கூறுதல் மிகையாகும். அளவற்ற மழையும் செங்குத்தான சரிவும் வழுக்கும் களிமண்ணும் தோட்டக்காரனை முன்னரே தடுத்து நிறுத்தியிருந்தன. இயற்கை மறுத்த நிலத்தைச் சட்டமும் மறுத்தது. இரண்டும் ஒருங்கிணைந்தமையாலேயே உச்சி வனம் தப்பியது.

1898 ஆம் ஆண்டிலே ஸ்பானியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. சூலை 25 ஆந் திகதி அமெரிக்கப் படை தென்கரையிலுள்ள குவானிக்காவில் இறங்கியது. ஆண்டிறுதியிற் பாரிசு நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி தீவும், அதனோடு முடிக்குரிய நிலங்களும் புதிய ஆட்சியாளரின் கைக்கு மாறின. 1903 ஆம் ஆண்டு சனவரி 17 ஆந் திகதி சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட் அவ்வனத்தை லுக்கீயோ ஒதுக்கு வனமெனப் பிரகடனஞ் செய்தார். ஒரு பேரரசு காத்ததை மற்றொரு பேரரசு காத்தது. தீவு மக்களைக் கேட்டுச் செய்தது எதுவும் இல்லை. அவர்களுடைய நாட்டின் பெயரைக்கூடப் புதிய ஆட்சியாளர் தம் நாவுக்கேற்ப ‘போர்ட்டோ’ எனத் திரித்தெழுதினர். 1932 ஆம் ஆண்டிலேதான் சட்டப்படி அப்பிழை திருத்தப்பட்டது.

இதற்கிடையே சமவெளி மக்களின் நிலை துயரமானது. 1899 ஆம் ஆண்டு ஆகஸ்டு 8 ஆந் திகதி சான் சிறியாக்கோ என்னும் சூறாவளி தீவைக் கடந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்தன. அவை முன்னைய நிலையை மீண்டும் அடையவில்லை. 1928 ஆம் ஆண்டிலும் 1932 ஆம் ஆண்டிலும் பெரும்புயல்கள் மீண்டும் வந்தன. மக்கள் தொகையோ பெருகியது. 1899 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்திருந்த தொகை, 1940 ஆம் ஆண்டில் பதினெட்டரை இலட்சத்தைத் தாண்டியது. நிலமற்ற ஏழைகள் சரிவுகளைத் திருத்திப் பயிரிட்டனர். சமைப்பதற்கு மரக்கரி வேண்டுமாதலின் மரங்களை வெட்டிக் கரிசுட்டு விற்றனர். 1940களின் இறுதியிலே தீவின் நிலப்பரப்பில் வனமாக எஞ்சியது நூற்றுக்கு ஆறு பங்களவே. அழியாத பழங்காட்டின் பெரும்பகுதி லுக்கீயோவின் உச்சிச் சரிவுகளிலே ஒதுங்கி நின்றது.

இன்று பிரயாணி கால்வைக்கும் பாதைகள் அந்த வறுமைக் காலத்தில் எழுந்தவை. 1933 ஆம் ஆண்டிலே சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ட், வேலையற்ற இளைஞர்க்கு வேலை கொடுத்து நாட்டின் வனங்களைப் பேணுவதற்கென ஒரு தொழிற்படையை நிறுவினார். முப்பதாண்டுக்கு முன் வனத்தைப் பிரகடனஞ் செய்தவரின் தூரத்து உறவினர் அவர். அத்திட்டம் புவேர்ட்டோ றிக்கோவுக்கும் வந்தது. கூலியின்றித் தவித்த தீவின் இளைஞர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தி மலையேறினர். தெரு அமைத்தனர், நடைபாதைக்குக் கல் பதித்தனர், ஓடைகளை மறித்து நீராடு குளங்கள் கட்டினர், மரக்கன்றுகளை நட்டனர். பிரிட்டன் சிகரத்திலே வட்டவடிவான கற்கோபுரத்தை எழுப்பினர். தீவின் தாவரங்களை ஆராய்ந்த நியூயோர்க் தாவரவியலறிஞர் நதானியேல் லோட் பிரிட்டனின் பெயரே அச்சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. அறிஞரின் பெயர் சிகரத்தில் நிலைத்தது. கல்சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

வனத்தைச் சூழக் கைவிடப்பட்டுக் கிடந்த தோட்ட நிலங்களையும் அரசாங்கம் விலைக்கு வாங்கியது. அந்நிலத்திலே ஏழைக் குடும்பங்கள் குடியிருந்து உணவுப்பயிர் விளைவிக்கலாம். அதற்கு ஈடாகப் பயிர்களிடையே மகோகனி முதலிய மரக்கன்றுகளை நட்டு வளர்த்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. பர்மாவிலே 19 ஆம் நூற்றாண்டிற் பிரித்தானிய வன அதிகாரிகள் தேக்கு வளர்ப்பதற்குக் கையாண்ட ‘தவுங்யா’ முறையை ஒத்தது இது. கன்றுகள் வளர்ந்து நிழல் விழுந்ததும் பயிர் செய்வது முடியாமற்போகும். குடும்பம் வேறு துண்டு நிலத்துக்குப் பெயரும். ஏழையின் பட்டினியே வனத்தின் உரமாயிற்று என்று சொன்னால் அது கடுஞ்சொல்லாயினும் பொய்யாகாது.

1935 ஆம் ஆண்டில் வனத்தின் பெயர் ‘கரிபியன் தேசிய வனம்’ என மாற்றப்பட்டது. 1939 ஆம் ஆண்டிலே வெப்பவலய வனங்களை ஆராய்தற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தீவிலே தொடங்கியது. 1942 ஆம் ஆண்டில் அங்கு வந்த பிராங்க் வாட்ஸ்வேர்த் என்னும் வனவியலறிஞர் மரங்களுக்கு அடையாளமிட்டு, அவற்றின் பருமனை ஆண்டுதோறும் அளக்கும் முறையை வளர்த்தார். நெடுங்காலம் அத்தீவையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்த அவர் 2022 ஆம் ஆண்டிலே, 106 ஆவது வயதில், மறைந்தார். அத்தகைய பொறுமையான அளவீடுகளே, வெப்பவலயக் காடு எவ்வளவு மெல்ல வளர்கின்றது என்பதை உலகுக்கு உணர்த்தின.

அணுயுகத்தின் நிழலும் அம்மலையிற் படிந்தது. 1965 ஆம் ஆண்டு சனவரியிலிருந்து ஏப்பிரில் வரை, எல் வெர்தே என்னும் பகுதியில், ஹவேட் ஓடம் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் வனத்தின் நடுவே கதிர்வீசும் சீசியம் வைக்கப்பட்டது. அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் ஆதரவில் நடந்த இச்சோதனையின் நோக்கம், கதிர்வீச்சு ஒரு காட்டை எவ்வாறு தாக்கும், தாக்கப்பட்ட காடு எவ்வாறு மீளும் என்பதை அறிவதாகும். சுற்றியிருந்த மரங்கள் இலையுதிர்த்துப் பட்டன. ஆண்டுகள் கழிய, வெளியிலே புதுக்கன்றுகள் எழுந்தன. வனத்தின் இயக்கத்தைப் பற்றி அங்கே சேர்ந்த அறிவு பெரிது. ஆயினும் இத்தகைய சோதனைக்கு ஒரு சிறு தீவின் தலையாய நீர்மலை தெரிந்தெடுக்கப்பட்டது என்பதும் வரலாற்றில் நிற்கும் செய்தியே.

உல்லாசப் பிரயாணிகளின் வெள்ளமும் ஏறத்தாழ இக்காலத்திலேயே பெருகியது. 1959 ஆம் ஆண்டிற் கியூபாவிலே புரட்சி வென்றபின், ஹவானாவை நாடிய அமெரிக்கப் பிரயாணிகளிற் பலர் சான் ஹுவானை நாடலாயினர். ஆகாய விமானங்களும் பிரயாணக் கப்பல்களும் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. 1960களின் தொடக்கத்தில், தெருவோரத்திலே எழுபதடி அளவு உயரமுள்ள காட்சிக் கோபுரமொன்று எழுந்தது. அதற்குத் தாயினோ மக்களின் தெய்வமாகிய யூக்காஹூவின் பெயர் இடப்பட்டது. வழிபட்டோர் மறைந்து நானூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர், வழிப்போக்கர் ஏறிப் படம்பிடிக்கும் கோபுரத்துக்கு அத்தெய்வம் பெயர் கொடுத்தது.

ஆனால் மலை மனிதனுக்கு முற்றும் இணங்கி விடவில்லை. தொழிற்படையினரின் காலத்தில் வடக்கிலிருந்து தெற்குவரை மலையை ஊடறுத்த தெரு, 1970களிலே ஏற்பட்ட மண்சரிவுகளால் நடுவிலே துண்டிக்கப்பட்டது. அது மீண்டும் இணைக்கப்படவில்லை. வடபுறத்தால் ஏறும் பஸ் வண்டி வடபுறத்தாலேயே திரும்புகின்றது. அந்தத் துண்டிப்பே தென்புறத்து வனத்துக்கு அமைதியைக் கொடுத்தது எனலாம். 2005 ஆம் ஆண்டில் எல் தோரோச் சிகரத்தைச் சூழ்ந்த ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலம், தெருவும் கட்டடமும் நுழையலாகாத வனாந்தரமெனச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது.

இவ்வனத்தில் நிகழ்ந்த பெருஞ்சோதனை ஒரு பறவையைப் பற்றியது. பச்சை உடலும் நெற்றியிற் செந்நிறப் பட்டையும் உடைய புவேர்ட்டோ றிக்கோக் கிளியை, அதன் குரலைக்கொண்டே தாயினோ மக்கள் ‘இகுவாக்கா’ என்றழைத்தனர். ஒருகாலத்திலே தீவெங்கும் கூட்டங்கூட்டமாகப் பறந்த அக்கிளி, காடுகள் அழிய அழிய ஒதுங்கி, ஈற்றில் லுக்கீயோ மலையில் மாத்திரம் எஞ்சியது. முதிர்ந்த பாலோ கொலராடோ மரத்தின் பொந்தே அதன் கூடு. அம்மரங்கள் கரிக்கும் பலகைக்கும் வீழ்ந்தபோது கிளியின் வீடும் வீழ்ந்தது. 1975 ஆம் ஆண்டிலே வனத்திற் காணப்பட்டவை 13 கிளிகளே. அறிஞர்கள் சிலவற்றைக் கூட்டில் வளர்த்துப் பெருக்கினர், பொந்துகளைச் செப்பனிட்டனர், பகைப்பறவைகளையும் ஈக்களையும் தடுத்தனர். 1989 ஆம் ஆண்டில் தொகை 47 ஆக உயர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 18 ஆந் திகதி ஹியூகோ என்னும் சூறாவளி வந்தது. வனத்திலிருந்த கிளிகளிற் பாதிக்குமேல் மடிந்தன.

மீண்டும் பணி தொடங்கியது. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்தலாகாது எனத் தெளிந்த அறிஞர்கள், தீவின் மேற்குப் பக்கத்திலே றியோ அபாஹோ வனத்தில் இரண்டாவது வளர்ப்பகத்தை அமைத்து, 2006 ஆம் ஆண்டு முதல் அங்கும் கிளிகளை விடுவித்தனர். இவ்விவேகத்தின் பயன் 2017 ஆம் ஆண்டு செப்டெம்பர் 20 ஆந் திகதி விளங்கியது. அன்று மரியா என்னும் சூறாவளி தீவின் மேல் ஏறியது. பின்னர் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி 2,975 மக்கள் அதன் விளைவுகளால் உயிரிழந்தனர். பல மாதங்கள் மின்சாரமின்றி ஊர்கள் இருண்டு கிடந்தன. பசுமலை ஒரே நாளில் இலையிழந்து, எரிந்த காடு போல் மண்ணிறமாயிற்று. வனத்தில் வாழ்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட கிளிகள் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. ஆயின் புயலுக்குமுன் காவலான அறைகளுக்குள் மாற்றப்பட்ட வளர்ப்புக் கிளிகள் பிழைத்தன. றியோ அபாஹோவிலும் சில தப்பின. தம் வீடுகளின் கூரை என்னவாயிற்று என்றறியாத காவலர்கள் கிளிகளுக்கு உணவும் நீரும் தேடினர். 2020 ஆம் ஆண்டிலே யுங்கே வனத்தில் மீண்டும் கிளிகள் விடுவிக்கப்பட்டன.

பெயரின் கதையும் இதனிடையே நிறைவெய்தியது. லுக்கீயோ ஒதுக்கு வனமென்றும், கரிபியன் தேசிய வனமென்றும் அரசாங்க ஏடுகள் எவ்வாறு எழுதினும், தீவு மக்கள் அதனை எல் யுங்கே என்றே அழைத்து வந்தனர். 2007 ஆம் ஆண்டில் அப்பெயரே சட்டப்படியான பெயராக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கிட்டத்தட்ட 28,000 ஏக்கர் பரப்புள்ள இவ்வனம் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வனங்களுள் ஒன்றேயொன்றான வெப்பவலய மழைக்காடாகும். அதற்கு ஆட்சியாளர் பெயரிட்டது இரண்டுமுறை. மக்களின் நாவே இறுதியில் வென்றது.

சமவெளியிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1950களில் கைத்தொழிற்சாலைகள் பெருகி, மக்கள் தோட்டங்களை விட்டு நகரங்களுக்கும் நியூயோர்க்குக்கும் பெயர்ந்தனர். மரக்கரியின் இடத்தை மண்ணெண்ணெய் பிடித்தது. கைவிடப்பட்ட நிலங்களில் மரங்கள் தாமாகவே திரும்பின. இன்று தீவின் பாதியளவு நிலத்தை மீண்டும் வனம் மூடியுள்ளது. விதைகளுக்கும் பறவைகளுக்கும் தாய்நிலமாக ஓர் உச்சிவனம் தப்பி நின்றிராவிடின், திரும்பிய காடு இன்னும் வறியதாகவே இருந்திருக்கும்.

ஆகவே லா கோக்கா அருவியின் 85 அடி நீர்வீழ்ச்சியின் முன்னே நிற்கும் பிரயாணி காண்பது தீண்டப்படாத ஆதிவனத்தையன்று. தீண்டப்பட்டும் தப்பியதும், வீழ்ந்தும் எழுந்ததுமான ஒரு வனத்தை. அதிலே ஒரு மன்னனின் கட்டளையும் உண்டு. கூலிக்குக் கல்சுமந்த இளைஞனின் வியர்வையும் உண்டு. நிழல் வளர்ந்ததும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பசியும் உண்டு. புயலிரவிலே கிளிகளைக் காத்தவரின் கவலையும் உண்டு. ஒரு பகற்பொழுது இவற்றையெல்லாம் அறிவதற்குப் போதாது. ஆயினும் ஒரு நாட்டின் மலையைக் காணச் செல்பவர், அதனை யார் காத்தார், எவர் அதற்கு விலை கொடுத்தார் என்று ஒருமுறை வினவிப் பார்ப்பாராயின், அந்தச் சில மணிநேரமும் வீண்போகாது. மலைகள் தாமாக நிற்பன. வனங்களோ மனிதர் நிற்கவிட்டால் நிற்பன.